பலகையில் மாற்றிய எண்

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

எழுத ஆரம்பித்தால் நான் எங்காவது போய் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால், வகுப்புக்குள் நுழையும் முன் செய்வதுபோல, சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. இந்தக் கடிதத்தை இப்போது ஏன் எழுதுகிறேன்.
2. விடுகோலுக்கு எதிராக ஆட்டங்களைக் கணிக்க நான் கண்ட முறை. உடையார்பாளையத்தோடு நடந்த அரையிறுதி.
3. உன் கட்டைவிரலில் அடிபட்ட செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது.
4. இறுதி ஆட்டமும் சவரிமுத்துவும்.
5. கல்யாணத்துக்கு முன் உன்னிடம் நான் கேட்பது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில், மூன்று வாரம் வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் உன் முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் கோவிலில் சேர்ந்து ஒலித்தபோது உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாசித்து முடித்ததும் சாமியார் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எத்தனை ஓலைகளில் கேட்ட வாக்கியம் அது! அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. உன் கல்யாணத்துக்குத் தடையான எதுவும் எனக்குத் தெரியாது, பயப்படாதே. ஆனால் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் நான்கு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா நீ பெரம்பலூரிலிருந்து எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். பதிவேட்டில் மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியாக உன் ஆபீஸ் நண்பர் கையெழுத்துப் போடுவார் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "சவரிமுத்துவைப் பற்றி யாரும் எனக்கு எழுத வேண்டாம். என் கையைக் காட்டிக் கொடுத்தவன் கை என் கல்யாணப் பதிவில் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி. உன் அம்மா தாளை மடித்துக்கொண்டே, "சின்ன வயசுல ஒரே தட்டுல சாப்பிட்டதுங்க. என்னத்தச் சொல்றது" என்றாள். எனக்குச் சொல்ல இருந்தது. வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாவது ஓலைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

இரண்டாவதுக்கு வருகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். காலையில் குளித்து, சட்டை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வருவேன். போக இடமில்லை என்பது அங்கேதான் நினைவு வரும். அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் கோவிந்தனுடைய சைக்கிள் கடைதான் எனக்குக் கிடைத்த இடம். உலகச் சண்டைக் காலம். டயர் கிடைக்காமல் அவனுக்கும் வேலை குறைவு. கோடையில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தின் பேச்சு முழுவதும் அந்தக் கடையில்தான். சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அதில் அவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விடுகோல் எழுதுவான். பலமான அணி, பலம் குறைந்த அணிக்கு இத்தனை கோலை முன்னதாகவே விட்டுக் கொடுக்கிறது என்று கணக்கு. இரண்டு கோல் விட்டால், மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பலமான அணியின் பக்கம் நின்றவனுக்கு வெற்றி. ஆரம்பத்தில் கலர் சோடாவுக்குப் பந்தயம். பிறகு கடலை மூட்டை வரை போனது. நான் ஒரு சோடாகூடக் கட்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நம்பவில்லை.

ஒரு நாள் கோவிந்தன் சும்மா கேட்டான். "சார், நீங்க கணக்கு வாத்தியார். இந்த விடுகோல் சரியா, தப்பா சொல்லுங்க பாப்போம்." நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பழைய ஆட்டங்களின் கோல்களை விசாரித்து எழுதினேன். எந்த ஊர், எந்த மண், யார் பூட்ஸ் போடுகிறார்கள், யார் வெறுங்கால், எந்த அணி முந்தின நாள் ஆடிக் களைத்து வருகிறது என்றெல்லாம் கட்டம் போட்டேன். எழுதிக்கொண்டே போனபோது ஒன்று புலப்பட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. ஊர் ஓர் அணியைப் பற்றி நினைப்பது எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. விடுகோல் என்பது ஊரின் நினைப்பு. நான் கணித்தது அந்த நினைப்பின் பிழையை.

அரையிறுதி உனக்கு நினைவிருக்கும். நம் சொந்த ஊரான ஏலாக்குறிச்சிப் பையன்களுக்கு உடையார்பாளையம் ஒரு கோல் விட்டது. கோவிந்தன் மட்டுமல்ல, நம் ஊர்க்காரர்களே அது போதாது என்றார்கள். நான் பலகையில் நம் அணிதான் ஜெயிக்கும் என்று எழுதினேன். கடை சிரித்தது. "வாத்தியாருக்குப் புள்ளப் பாசம்!" என்றார் ஒரு கடலை வியாபாரி. பாசம் இல்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. மைதானம் கரிசல். உடையார்பாளையத்துப் பையன்கள் முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் ஓடிப் பழகியவர்கள். செம்மண் மழைக்குப் பிறகு கெட்டிப்படும். கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும். நம் பையன்கள் கொள்ளிடக்கரை வயல் சேற்றில் நடந்து வளர்ந்தவர்கள். பாதி ஆட்டத்துக்குள் எதிரணிக்காரர்களின் கால்களில் மண் அப்பி, ஒவ்வொருவரும் ஆளுக்கொரு அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல ஓடினார்கள். சவரிமுத்து பேக் இடத்தில் நின்று, கோல் காத்த உன் பக்கம் ஒருவரையும் வர விடவில்லை. ஒரு கோலில் ஜெயித்தீர்கள்.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது கோவிந்தன் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கடலை வியாபாரி, "சார் வாங்க, சார் வாங்க! சாருக்கு ஒரு கலர் ஒடைப்பா" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஒருவரும் காத்திருந்ததில்லை. ஸ்டாப் ரூமில் நான் பேச வாயெடுத்தால் பக்கத்திலிருப்பவர் பேப்பரைப் புரட்டுவார். அந்தக் கடையில் பதினைந்து பேர் என் சாக்குக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது உனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் திருச்சியிலிருந்து ரயிலில் வந்த மில் அணி. எல்லோரும் பூட்ஸ். கோவிந்தன் இரண்டு கோல் விடச் சொல்லி எழுதினான். நான் வியாழக்கிழமை என் எண்ணை எழுதினேன்: மில் அணி ஒரே கோலில்தான் ஜெயிக்கும். அதாவது, நம் பக்கம் நிற்பவனுக்கு லாபம். என் எண்ணைப் பார்த்து நம் பக்கம் நின்றவர்கள் ஏராளம்.

வெள்ளிக்கிழமை மாலை சவரிமுத்து உன்னைத் தோளில் கை போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தான். பயிற்சியில் அவன் அடித்த பந்துதான் உன் வலது கட்டைவிரலைப் பின்னுக்கு மடக்கியது. விரல் பழுத்த மிளகாய்போல வீங்கியிருந்தது. அவன் முகம் உன் முகத்தைவிடக் கெட்டிருந்தது. பிரண்டையை வதக்கிப் பத்துப் போட்டுக்கொண்டே, "எங் கால ஒடைக்கணும்டா" என்றான். "ஒடச்சுக்க, ஆனா ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்கு மேல" என்று நீ சிரித்தாய். பிறகு என்னையும் உன் அம்மாவையும் பார்த்து, "இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்ப்பா. தெரிஞ்சா அவனுங்க வலது கைப் பக்கமே அடிப்பானுங்க" என்றாய். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை எனக்கு நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமை எழுதிய எண் இப்போது பிழை. பிழை என்று தெரிந்தும் பலகையில் என் பெயருக்கு எதிரே நின்றது. அதை நம்பி மூட்டை மூட்டையாகக் கட்டியவர்கள் இருந்தார்கள். எண்ணை விட்டால் அவர்களுக்குத் துரோகம், மாற்றினால் உனக்கு. இப்படி இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்தேன். மூன்றாவது ஒன்று இருந்தது. "இந்த ஆட்டத்துக்கு என் கணிப்பு இல்லை" என்று அழித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். தோன்றியது. ஸ்டூல் போய்விடும் என்று பயந்தேன்.

கடையில் அப்போது கோவிந்தன் மட்டும்தான் இருந்தான். ஒன்றை அழித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தான். "என்னா சார், ரெண்டு நாள்ல ரெண்டு கோல் ஏறிப் போச்சு?" "மறுபடியும் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வருகிறது" என்றேன். அவன் விடவில்லை. "வூட்டுல கீப்பர வச்சிருக்கீங்க. சும்மா மாத்த மாட்டீங்களே." குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் விரலைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மூன்றாவதாக நான் குறித்தது இதைத்தான்.

நான்காவது எழுதக் கை ஓட மறுக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மில் அணியின் கேப்டன் ஆட்டம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் கத்தியது உனக்கு மறக்காது. "வலது கை! கீப்பரு வலது கைக்குப் போடு!" நான் கோலுக்குப் பின்னால் கூட்டத்தில் நின்றிருந்தேன். நீ பந்தைப் பார்க்காமல் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாய். அவன் உன்னைப் பார்த்தான். முதல் கோல் அந்த நேரத்தில்தான் போனது. அதற்குப் பிறகு அவன் பைத்தியம் பிடித்தவன்போல ஆடினான். வெறுங்காலால் பூட்ஸ்களுக்கு நடுவே விழுந்து விழுந்து தடுத்தான். முழங்கால் கிழிந்து வழிந்தது. நீ இடது கையால் எத்தனையோ பந்துகளைத் தள்ளிவிட்டாய். மூன்று மட்டும் போனது. நம் பக்கம் ஒரு கோலும் விழவில்லை. சரியாக மூன்று.

ஆட்டம் முடிந்ததும் நீ வாளித் தண்ணீரில் கையை விட்டு உட்கார்ந்திருந்தாய். பத்தடி தூரத்தில், மூன்றைப் பார்த்துப் பக்கம் மாறியவர்கள் எனக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலை வியாபாரி தன் துண்டை என் தோளில் போட்டார். நான் அதை எடுக்கவில்லை. நீ நிமிர்ந்து, "மூணு கரெக்டா வந்துடுச்சுப்பா" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டாய். "யாரிடமும் சொல்லவில்லை" என்றேன். நீ உடனே நம்பினாய். எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நீ சின்ன வயதில் சண்டையிலெல்லாம் சொல்வாய். உன் அம்மா வெளியே போகவே இல்லை. சவரிமுத்து ஒருவன்தான் மீதி.

அவனிடம் நீ கேட்டதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். "எவ்வளவு குடுத்தானுங்க?" அவன் கிழிந்த முழங்காலில் மண்ணை அப்பிக்கொண்டிருந்தான். "என்னடா பேசற?" "நடிக்காதடா. கூலிக்குக் காட்டிக் குடுத்துட்ட." அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டான். நம் வயலில் அவன் அப்பா கூலிக்கு உழுதவர். அவன் தாத்தாவும். அவன் பேரில் அந்தப் பழியைப் போடுவது எத்தனை சுலபமாக இருந்தது என்பதை யோசித்துப் பார். ஊரும் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒரு படித்த வாத்தியார் பேரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விடுகோல் ஊரின் நினைப்பு என்று மேலே எழுதினேனே. எனக்கும் அவனுக்கும் ஊர் போட்ட எண்ணை நான் திருத்தாமல் விட்டேன். எனக்குப் போட்டது அதிகம். அவனுக்குப் போட்டது குறைவு.

ஒரு வாரம் கழித்துக் கோவிந்தன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தான். உட்காரவில்லை. "சார், மனசு உறுத்துது. சனிக்கிழம சாயங்காலம் மில்லுப் பசங்க ரெண்டு பேரு கடைக்கு வந்தானுங்க. வாத்தியாரு ஏன் நம்பர மாத்துனாருன்னு கேட்டானுங்க. கீப்பரு அவரு புள்ள, வலது கையில என்னமோ கோளாறு இருக்கும்னு நாந்தான் சொல்லிப்புட்டேன். வெளயாட்டாத்தான் சார் சொன்னேன்." நீ அப்போதுதான் பெரம்பலூர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாய். கரியில் ஓடும் பஸ் அரை மணி நேரம் புகைந்துவிட்டுத்தான் கிளம்பும், ஓடிப் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. அடுத்த முறை நீ வரும்போது சொல்லலாம் என்று வைத்தேன். அடுத்த முறைகள் நிறைய வந்தன.

சவரிமுத்துவிடம் மட்டும் ஒரு முறை சொன்னேன். போன வருஷம் ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல மாதா திருவிழாவுக்குப் போனபோது கோவிலுக்கு வெளியே மாட்டு வண்டியில் கரும்பு இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொல்லி, ஆரோக்கியத்துக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். அவன் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் சார். நாலு பேருல நான் இல்ல, அம்மா இல்ல. அப்பறம் யாரு?" என்றான். பிறகு கரும்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "விடுங்க சார். நான் அவனுக்கு இல்லாம போயாச்சு. இப்ப நீங்க சொன்னா அவனுக்கு அப்பாவும் இல்லாம போயிடுவாரு. ஒருத்தராச்சும் இருக்கட்டும்." எனக்கு ஒரு கரும்பை வெட்டிக் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் சொன்னதையே அனுமதிச் சீட்டுபோல வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் சும்மா இருந்தேன்.

ஐந்தாவது. கல்யாணத்துக்குப் போகும் மகனுக்கு அப்பன் நிறைய சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதற்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் ஒன்றைக் கேட்டு, அதற்குப் பதில் சொன்னால் உன் மரியாதை குறையும் என்று உனக்குத் தோன்றினால், அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் அது கனமாகும். நம் வீட்டில் உன் அம்மா ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காலமெல்லாம் கரும்பலகையில எழுதி எழுதி உங்கப்பாவுக்கு வாயால பேசறதே மறந்துபோச்சு." நானும் சிரித்தேன். அவள் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாவது ஓலைக்குள் ஏலாக்குறிச்சிக்குப் போ. செந்துறை வழியாக வராதே, சுற்று. அரியலூருக்கே வந்து பஸ் மாறு. அவன் காலையில் வயலில் இருப்பான். அவனிடம் என்ன சொல்வது என்று நான் உனக்குச் சொல்லித் தர முடியாது. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து அவனுடையதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு என்னைக் கல்யாணத்தில் எங்கே உட்கார வைப்பது என்பது உன் விருப்பம். கூட்டத்தின் பின்னால் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். அது எனக்குப் பழக்கமான இடம். உன் அம்மாவிடம் இதை இன்று காலை படித்துக் காட்டினேன். முடித்ததும் எழுந்து போய்விட்டாள். சற்று நேரம் கழித்து ஒரு தபால் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

உறையில் போடும் முன் முதல் தாளை மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது வரி தவறு. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அந்த வரியை வைத்துக்கொண்டுதான் நான்கு வருஷம் தூங்கினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோவிந்தன் வலது கை என்று தானாக எப்படி ஊகித்தான் என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்தச் சனிக்கிழமை அவன் இன்னொன்றும் கேட்டான். அதை மேலே எழுதாமல் விட்டேன். "கையா சார், காலா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. சாக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் வலது கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.

உன் விரலைப் பற்றி நான்தான் சொன்னேன். சவரிமுத்து சொல்லவில்லை.

அப்பா